முன்னாள் சிப்பாய் பதில்கள்

ராணுவமும் சூரிய மின்சாரத்துக்கு மாறுகிறதாமே? சண்டைக்குப் போகிறவர்களுக்கு எதற்குச் சுற்றுச்சூழல் கவலை?
– கல்லூரி மாணவி, திருச்சி

சுற்றுச்சூழலை விட லாரிதான் முக்கியக் கவலை அம்மா.

நான் வேலை பார்த்தது ஏ.எஸ்.சி.யில். ராணுவத்துக்குச் சாப்பாடும் எண்ணெயும் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு. லடாக்கில் பனி கொட்டிப் பாதை மூடுவதற்குள், குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய டீசலையும் மண்ணெண்ணெயையும் மேலே ஏற்றியாக வேண்டும். ரோடு இருக்கும்வரை டேங்கர், அப்புறம் ஜெர்ரிகேன், அதற்கும் மேலே கோவேறு கழுதை அல்லது ஹெலிகாப்டர். ஒரு லிட்டர் உச்சிக்குப் போய்ச் சேர, வழியில் எத்தனை லிட்டர் எரிகிறது என்று பாருங்கள். கடுங்குளிரில் சாதா டீசல் கஞ்சி மாதிரி கெட்டியாகிவிடும். மைனஸ் 33 டிகிரியையும் தாங்குகிற டீசலை இந்தியன் ஆயில் 2019இல்தான் அங்கே கொண்டுவந்தது. நாங்கள் வண்டியின் டேங்குக்கு அடியில் தீ மூட்டியிருக்கிறோம். எந்தக் கையேட்டிலும் அது இருக்காது!

இது குளிரின் கதை. எதிரி இருக்கும் இடத்தில் இன்னும் மோசம். ஆப்கானிஸ்தானில் எரிபொருள் கொண்டுபோன 24 கான்வாய்க்கு ஒருவர் வீதம் இறந்தோ காயப்பட்டோ போனார்கள் என்று அமெரிக்க ராணுவ ஆய்வு ஒன்று 2009இல் கணக்குச் சொன்னது. ஒரு ஜெனரேட்டரை நிறுத்தினால் சில டேங்கர்கள் மிச்சம். டேங்கர் மிச்சமானால் ஆள் மிச்சம்.

கிழக்கு லடாக்கில் சீன எல்லையை ஒட்டிய சுஷுலில், மத்திய அரசின் மின்சாரக் கம்பெனியான என்டிபிசி ராணுவத்துக்காக எடுத்திருக்கும் திட்டத்தின் கணக்கும் இதுதான். சுமார் 4,400 மீட்டர் உயரம், 200 கிலோவாட். பகல் வெயிலில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைச் சேமித்து, ராத்திரியில் அதிலிருந்து மின்சாரம் எடுப்பார்கள்.

அப்படியென்றால் டாங்கியும் பேட்டரியில் ஓடுமா?
– வாசகர், மதுரை

இப்போதைக்கு இல்லை தம்பி. அமெரிக்காவின் ஆப்ரம்ஸ் டாங்கி ஏறக்குறைய 1,900 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். அந்தச் சக்தியைப் பேட்டரியில் அடைத்தால் டாங்கியே நகராது. விமானத்துக்கும் இதே சிக்கல்தான். அதனால்தான் நம் விமானப்படை 2019 குடியரசு தின அணிவகுப்பில் ஏ.என்.-32 விமானத்தைக் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை 10 சதவீதம் கலந்து பறக்கவிட்டது.

எண்ணெயை விட்டுவிட்டால் யாரையும் நம்பியிருக்க வேண்டாம், சரிதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

இல்லை ஐயா. பிரிட்டனைப் பாருங்கள். கையில் அருமையான வேல்ஸ் நிலக்கரி இருந்தும், முதல் உலகப் போருக்கு முன்பே சர்ச்சில் கடற்படையை எண்ணெய்க்கு மாற்றினார். கப்பலின் வேகம் கூடியது, கரி அள்ளிப் போடும் ஆட்கள் குறைந்தார்கள். ஆனால் எண்ணெய் பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரானில் இருந்தது. 1914இல் அங்கிருந்த எண்ணெய்க் கம்பெனியில் 51 சதவீதப் பங்கை அரசே வாங்க வேண்டியதாயிற்று. இன்றைய பி.பி. அதுதான்.

இன்று சோலார் பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில். பேட்டரிக்கான கிராஃபைட்டை ஏற்றுமதி செய்ய 2023 டிசம்பர் முதலும், மோட்டார் காந்தங்களுக்கு வேண்டிய சில அருமண் உலோகங்களுக்கு 2025 ஏப்ரல் முதலும் அங்கே அரசின் அனுமதி வேண்டும். சுஷுலில் நாம் யாரைப் பார்த்து நிற்கிறோமோ, அவர்களிடம்தான் சாமானும் வாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலிலேயே அருமண் உலோகங்கள் கொண்ட மோனசைட் இருக்கிறது. அதைக் காந்தமாக்கும்வரை இங்கேயே செய்யப் போதுமான ஆலைகள் இல்லை. மணல் அள்ளுவதில் கடற்கரை மக்களுக்கு உள்ள பயம் வேறு. அதைப் பற்றி அங்கிருந்தே யாராவது கேட்டு எழுதுங்கள், தனியாகப் பேசலாம்.