ஹட்டனில் ஒரு சிறிய பொறியியல் நிறுவனம் எப்படி வளரும்?

ஆறேழு பேரோடு நடக்கும் நிறுவனம் கொழும்புக் கம்பனிகளுக்கு நடுவே எப்படி வளரும் என்று கேட்டிருக்கிறீர்கள். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து இரவு 11 மணிக்கு வரும் அழைப்பை எடுப்பதில்தான் என்பேன். வாட்டிய கொழுந்து காத்திருக்காது. கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரத்தில் பெயாரிங் உடைந்தால் அன்றைய தேயிலையின் தரமே போய்விடும். லேத்காரர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் மூவரும் உடனே ஒரே வேனில் ஏற வேண்டும். “அது என் வேலை இல்லை” என்று ஒருவர் இழுத்தால், சரி, அந்தத் தேயிலைத் தோட்டத்தின் வேலையை மறந்துவிடலாம்.

கட்டட வேலை வேறு மாதிரி. நுவரெலியா, பதுளை போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் தேவை. அதை முதல் நாளே சொல்லி, வடிகான் செலவையும் மதிப்பீட்டில் போடுங்கள். தொகையைப் பார்த்துச் சிலர் போய்விடுவார்கள். அடைமழைக்கு அப்புறம் அவர்களே அழைப்பதும் உண்டு.