கம்பளியில ஆறில் ஒரு பங்கு

அன்புள்ள அக்காவுக்கு, பழைய அயர்லாந்து சட்டப்படி படுக்கையறை விஷயத்தை புருஷன் வெளியில பேசினாலே பொண்டாட்டி பிரிஞ்சு போகலாம்னு ஒரு வீடியோல பார்த்தேன். நிஜமா? அப்ப அது பெண்களோட பொற்காலம் இல்லையா? கிறிஸ்தவம் வந்துதான் எல்லாம் போச்சா?

தம்பி,

வீடியோல சொன்னது சரிதான். ஊர்ல அசிங்கமா பேசுறது, தழும்பு விழுற மாதிரி அடிக்கறது, ஆண்மை இல்லாதது எல்லாமே காரணமா இருக்கு. கிறிஸ்தவம் கேள்விய விடுப்பா, அந்த சட்டங்களை எழுதினதே 7, 8ம் நூற்றாண்டுல, சர்ச் வந்து எவ்வளவோ காலத்துக்கு அப்புறம்.

பொற்காலம்னு எழுதியிருக்கியே, அதுக்குத்தான் கோவம் வருது. அங்க ஒவ்வொருத்தர் மானத்துக்கும் ஒரு விலை உண்டு, பொண்டாட்டிக்கு புருஷனோடதுல பாதி. பொதுவா அவ சாட்சி சொன்னா செல்லாது. பெரிய தொகைய எண்ண அவங்க வெச்சிருந்த அலகு என்ன தெரியுமா? அடிமைப் பெண். கைக்கு வர்றது மாடோ வெள்ளியோ, ஆனா நிலத்துக்கு விலையும் கொலைக்கு நஷ்டஈடும் இத்தனை அடிமைப் பெண்ணுன்னுதான் கணக்கு. இதைத் தெரிஞ்சுக்காம பொற்காலம்னு ஸ்டேட்டஸ் போடாதே, கெஞ்சி கேக்கறேன்.

ஆனா உன் கடிதம் வந்த நேரத்துல நானும் அதே சட்டத்தோடதான் மல்லுக்கட்டிட்டு இருந்தேன், வேற ஒரு இடத்துல. தம்பதிகளுக்கான சட்டம் ஒண்ணு இருக்கு, கான் லானவ்னான்னு பேரு, சுமார் 700ல எழுதினது. ரெண்டு பேரும் சொத்து கொண்டுவந்து சேர்ந்த கல்யாணத்துல அவளைக் கேக்காம அவன் இஷ்டத்துக்கு வியாபாரம் பேச முடியாது. பிரியும்போது பங்கு எப்படி பிரிக்கறாங்க பாரு. வெட்டின கம்பளி அப்படியே கிடந்தா அவளுக்கு ஆறில் ஒரு பங்கு, அதையே சிக்கெடுத்து சீவி நூற்க தயாரா வெச்சிருந்தா மூணில் ஒரு பங்கு, துணியாவே ஆகியிருந்தா பாதி. கை படப்பட பங்கு ஏறுது தம்பி! சீவினது யாரு, நெய்தது யாரு, எந்த ராத்திரி உட்கார்ந்து நூத்தான்னு யாரோ ஒருத்தன் யோசிச்சு எழுதியிருக்கான். தியாகம், தெய்வம், குலவிளக்குன்னு ஒரு வார்த்தை கிடையாது, அவ செஞ்ச வேலைக்கு இவ்வளவு, எடுத்துட்டு போன்னு சொல்றான். பால் வெண்ணெய்க்கும் இதே மாதிரி கணக்கு வெச்சிருக்கான்.

இப்ப அதே ஊரு, 1937 அரசியல் சட்டம். பெண் வீட்டுக்குள்ள வாழ்ற வாழ்க்கையால நாட்டுக்குத் தர்ற ஆதரவு இல்லாம பொதுநன்மையே கிடைக்காதுன்னு எழுதி வெச்சாங்க, அதுலயே விவாகரத்தையும் தடை பண்ணினாங்க, அது விலக 1995 பொதுவாக்கெடுப்பு வரைக்கும் ஆச்சு. ஒரு பொண்டாட்டி கோர்ட்டுக்கு போறா, சம்பளம் இல்லாம வீட்டையும் புள்ளைங்களையும் பார்த்தேன், வீட்டுல பங்கு குடுங்கன்னு. அரசியல் சட்டத்துல பெண்ணைப் பத்தி இருக்கற அந்த வரிய வெச்சு ஹைகோர்ட் பாதின்னு சொல்லிடுச்சு. 1991ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு, பணம் போடாம வீட்டு வேலை மட்டும் பார்த்தா வீட்டுல உரிமை வராதுன்னு! கம்பளிக்கு கணக்கு வெச்ச மண்ணுடா அது, எனக்கு அன்னிக்கு தூக்கமே வரல. நீ வீடியோ பார்த்து வாய பிளந்த இடத்தை விட இதுதான் உன்னை உலுக்கியிருக்கணும்.

2024 மார்ச்ல அரசியல் சட்டத்துலேர்ந்து அந்த வரிய எடுக்க வாக்கெடுப்பு வெச்சாங்க, தோத்துச்சு, வரி இன்னும் அங்கயேதான் இருக்கு. 1996 விவாகரத்து சட்டத்துல வீட்டைப் பார்த்துக்கிட்டதையும் கோர்ட் கணக்குல எடுக்கணும்னு இருக்கு, நல்லதுதான், ஆனா எவ்வளவுன்னு இல்ல, ஜட்ஜ் பார்த்து குடுக்கறதுதான்.

கான் லானவ்னா ஆங்கில மொழிபெயர்ப்புல இருக்கு, தேடிப் படி. பங்கு பிரிக்கற பகுதிய மொதல்ல படி, படிச்சுட்டு எழுது, பதில் போடறேன்.