அந்தத் தழும்பை ஏன் அழித்தாய்?

கேள்வி: விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறேன். கொலுசுப் பட்டறை பற்றி நண்பர்களோடு சேர்ந்து 12 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறோம். போஸ்டர் என் பொறுப்பு. மூன்று டிராஃப்ட் போட்டேன். ஒன்றில் நாயகன் முகம், ஒன்றில் எங்கள் தெரு, மூன்றாவதில் கொலுசு பற்றவைக்கும் கை. அது என் அம்மாவின் கைதான். வேலையில் இருந்தபோது அவருக்குத் தெரியாமல் போனில் எடுத்தேன். கட்டைவிரலில் இருந்த சூட்டுத் தழும்பை மட்டும் அழித்துவிட்டேன். கீழே 11 பேர் பெயர் வருகிறது. டைரக்டர் நண்பன் முகம்தான் வேண்டும் என்று சண்டை போடுகிறான். எதை வைக்கலாம்?
- வாசகர், சிவதாபுரம், சேலம்

பதில்: தம்பி, உன் வயதில் எனக்குப் பேரன் இருக்கிறான், அதனால் நீ என்றே எழுதுகிறேன். டைரக்டரோடு வந்த சண்டை டீக்கடையில் தீர்ந்துவிடும். அதை விடு. தழும்பை ஏன் அழித்தாய்?

அந்த வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெள்ளி உருகுவது சுமார் 961 டிகிரியில். கண்ணிகளை ஒட்டவைக்கிற பற்று அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உருகி ஓட வேண்டும். தீ ஒரு நொடி கூடுதலாக நின்றால் கண்ணியே உருகி உருண்டையாகிவிடும். அந்த ஒரு நொடியைக் கண்ணால் அளந்து தீயை விலக்குகிற கை அது. எத்தனை ஆயிரம் கண்ணி பற்றவைத்த கையோ! அதில் தழும்பு இல்லாமல் இருக்குமா? நீ அதைத் துடைத்ததும் அது நகைக்கடை விளம்பரக் கையாகிவிட்டது. உங்கள் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் நின்று பார், அப்படிப்பட்ட வழவழப்பான கைகள் எத்தனையோ பேனரில் தொங்கும். பட்டறையைப் பற்றிப் படம் எடுத்துவிட்டு, பட்டறை விட்டுப்போன அடையாளத்தையே எடுத்துவிட்டாயே!

அழகுக்காகச் செய்தேன் என்பாய். நான் நம்பமாட்டேன். கல்லூரியில் யாராவது 'இது யார் கை?' என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் உனக்கு. கூலிக்குக் கொலுசு பற்றவைக்கிற வீட்டில் செமஸ்டர் ஃபீஸ் எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியாதா? அந்த 11 பேரில் அம்மா பெயர் இருக்கிறதா? நீ சொல்லவில்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். பெற்றவள் கையைக் கேட்காமல் எடுத்து, திருத்தி, பெயரும் போடாமல் சுவரில் ஒட்டுவது பிள்ளை செய்கிற காரியமில்லை. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

நண்பனிடம் இதைச் சொல். உங்கள் சேலத்து ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தபோது எம்.ஜி.ஆர். முகத்துக்காகவே கூட்டம் வந்தது. உங்கள் நாயகன் முகம் யாருக்குத் தெரியும்? அவன் வீட்டாருக்கும் உங்களுக்கும்தான். தெரு டிராஃப்டும் வேண்டாம், அது எந்த ஊர்த் தெருவாகவும் இருக்கலாம்.

மூன்றாவதையே வை, தழும்போடு. வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தை எடுக்காதே, அது சுருங்கியிருக்கும். போனில் உள்ள மூலப் படத்தை எடு. ஏ3 அளவில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டுமென்றால் 3508க்கு 4961 பிக்சல் தேவை. தீயின் நீலம் திரையில் பளிச்சென்று தெரியும், அச்சில் மங்கிவிடும். அதனால் மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரே ஒரு பிரதி அடித்துப் பார். டைட்டிலை மேலே இருட்டில் வை, கை மேல் எழுத்து ஏறக் கூடாது. அப்புறம் போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார். தீயும் விரலும் தெரிந்தால் போதும்.

ஆனால் இதெல்லாம் அம்மாவிடம் கேட்ட பிறகு. இன்று ராத்திரி அவர் வேலை முடித்துக் கை கழுவி உட்காரும்போது லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டு. அழித்ததையும் சொல். திட்டினால் வாங்கிக்கொள். போடலாம் என்றால் இனிஷியல் எப்படிப் போட வேண்டும் என்று அவரிடமே கேட்டு, பெயரை முதல் வரியில் போடு. வேண்டாம் என்றால் அந்தப் படத்தை எடுத்துவிடு, வேறு டிராஃப்ட் போட உனக்குக் கை இருக்கிறது.