வட்டத் தேற்றங்கள் நினைவில் நிற்க: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பத்தாம் வகுப்பில் தமிழ்வழியில் படிக்கிறேன். இயற்கணிதம் எனக்கு நன்றாக வரும். வட்டம் என்றால் மட்டும் தடுமாறுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் படித்த நாண், வட்ட நாற்கரத் தேற்றங்களோடு இந்த ஆண்டின் தொடுகோட்டுத் தேற்றங்களும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு ஆகிவிட்டன. இரவில் எழுதிப் பார்த்தால் வருகிறது. இரண்டு வாரம் கழித்து ‘ஒரே வட்டத்துண்டு’ எது, ‘மாற்று வட்டத்துண்டு’ எது என்பதே குழம்பிவிடுகிறது. சென்ற தேர்வில் ஒரு கணக்கு: வட்டத்தின் மையம் ம, க, ட இரண்டும் வட்டத்தின் மேலுள்ள புள்ளிகள், அவற்றுக்கு இடையிலான சிறிய வில்லின் மேல் ச என்ற புள்ளி, கோணம் கமட 100° எனில் கோணம் கசட எவ்வளவு? நாற்கரத்தின் எதிர்க்கோணங்களின் கூடுதல் 180° என்று எண்ணி 80° என எழுதினேன். தவறு என்று அடித்திருந்தார்கள். ஏன் தவறு என்று இன்னும் புரியவில்லை. தேர்வில் நிரூபணங்களைவிடக் கணக்குகளே அதிகம் வருவதால், நிரூபணங்களை விட்டுவிட்டுக் கூற்றுகளை மட்டும் மனப்பாடம் செய்யலாமா? அவற்றை மறக்காமல் இருக்க வழி உண்டா?

ஒரு பத்தாம் வகுப்பு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் எழுதிய 80° என்ற விடையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நீங்கள் கேட்டிருக்கும் மற்றக் கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. எதிர்க்கோணங்களின் கூடுதல் 180° என்ற தேற்றம் வட்ட நாற்கரத்துக்கு உரியது. நான்கு முனைகளும் வட்டத்தின் மேல் இருந்தால்தான் அது வட்ட நாற்கரம். உங்கள் கணக்கில் க, ச, ட ஆகிய மூன்று முனைகளே வட்டத்தின் மேல் இருக்கின்றன. நான்காவது முனை மையம். தேற்றத்தின் முடிவு உங்களுக்குச் சரியாகவே நினைவிருந்தது, அது எந்த நிலையில் செல்லும் என்ற நிபந்தனைதான் நழுவிவிட்டது. நிரூபணத்தைத் தள்ளிவிட்டுக் கூற்றை மட்டும் மனப்பாடம் செய்பவர்களிடம் முதலில் மறந்துபோவது எப்போதும் நிபந்தனைதான், ஏனெனில் கணக்குப் போடும்போது நாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது முடிவை மட்டுமே. ஆகவே நிரூபணங்களை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. அதே வேளையில் பன்னிரண்டு நிரூபணங்களைத் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒன்றை முழுமையாக அறிந்தால் போதும், பெரும்பாலானவை அதிலிருந்தே வந்துவிடும்.

அந்த ஒன்று, ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம் (வில்லின் இரு முனைகளையும் மையத்தோடு இணைத்தால் அங்கே உண்டாகும் கோணம்), அது வட்டத்தின் மீதிப் பகுதியிலுள்ள எந்தப் புள்ளியில் தாங்கும் கோணத்தைப் போலவும் இரு மடங்கு என்பது. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தொகுத்த எலிமெண்ட்ஸ் நூலின் மூன்றாம் பகுதி முழுவதும் வட்டத்தைப் பற்றியது. அதில் 37 கூற்றுகள் உள்ளன. நான் சொல்லும் தேற்றம் 20-ஆவது. ஒரே வட்டத்துண்டில், அதாவது ஒரு நாண் வட்டத்தைப் பிரிக்கும் இரு பகுதிகளில் ஒன்றில், அமையும் கோணங்கள் சமம் என்பது 21-ஆவது, வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் பற்றியது 22-ஆவது. அவை அடுத்தடுத்து நிற்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைப் பிடித்துக்கொண்டு வருவதுதான்.

தாளையும் கவராயத்தையும் எடுத்துக்கொண்டு என்னோடு வரைந்து பாருங்கள். வட்டத்தின் மேல் க, ச என இரு புள்ளிகள்; மையம் ம; பெரிய வில்லின் மேல் ப என்ற புள்ளி. கப, சப ஆகிய நாண்களையும் மக, மச, மப ஆகிய மூன்று ஆரங்களையும் வரையுங்கள். ஆரங்கள் சமம் என்பதால் மகப, மசப இரண்டும் இருசமபக்க முக்கோணங்கள்; எனவே ஒவ்வொன்றிலும் அடிக்கோணங்கள் சமம். இப்போது ப-விலிருந்து மையத்தின் வழியே கோட்டை அப்பால் நீட்டுங்கள். முக்கோணத்தின் வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமம் என்பதால், மையத்தில் ஒவ்வொரு பக்கமும் தோன்றும் வெளிக்கோணம் ப-வில் உள்ள அடிக்கோணத்தைப் போல இரு மடங்கு. ப-வில் ஒரு பக்கம் 20°, மறுபக்கம் 35° என்றால் மையத்தில் 40°, 70°; ஆகவே ப-வில் மொத்தம் 55°, மையத்தில் 110°. நிரூபணம் முடிந்துவிட்டது. இதில் வட்டத்தைப் பற்றி நாம் பயன்படுத்திய செய்தி, ஆரங்கள் எல்லாம் சமம் என்ற ஒன்றே. மற்ற இரண்டும் முக்கோணங்களைப் பற்றி நீங்கள் கீழ்வகுப்புகளிலேயே கற்றவை.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் நிற்க வேண்டாம். ப-வை வட்டத்தின் மேலேயே க-வை நோக்கி நகர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மையம் கபச என்ற கோணத்துக்கு வெளியே போய்விடும். அப்போது இரண்டு வெளிக்கோணங்களைக் கூட்டுவதற்குப் பதிலாக ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். இரு மடங்கு என்பது மட்டும் மாறாது. அந்தப் படத்தை ஒருமுறையாவது உங்கள் கையால் வரைந்து, கழித்தலைச் செய்து பாருங்கள். தேற்றம் ஒரு குறிப்பிட்ட படத்துக்கு மட்டும் உரியதன்று என்ற உறுதி அப்போதுதான் மனத்தில் வரும், கணக்கில் படம் சற்றுக் கோணலாகக் கொடுக்கப்பட்டாலும் தயக்கம் இருக்காது.

இனி வருபவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். க, ச அசையாமல் இருக்க ப மட்டும் பெரிய வில்லின் மேல் எங்கு நகர்ந்தாலும் மையக்கோணம் மாறுவதில்லை. ஆகவே அதன் பாதியும் மாறுவதில்லை. ஒரே வட்டத்துண்டில் அமைந்த கோணங்கள் சமம் என்பது இதுதான். கச விட்டமானால் மையத்தில் 180°, ப-வில் 90°. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். (யூக்ளிட் இதை நேரடியாக இருசமபக்க முக்கோணங்களைக் கொண்டே நிறுவுகிறார், அந்த வழியும் மிக அழகானது, முயன்று பாருங்கள்.) வட்ட நாற்கரத்தில் ஓர் எதிர்க்கோணம் ஒரு வில்லை நோக்கியும் மற்றது எஞ்சிய வில்லை நோக்கியும் நிற்கின்றன, இரு விற்களும் மையத்தில் தாங்கும் கோணங்கள் சேர்ந்து 360°, ஆகவே எதிர்க்கோணங்கள் சேர்ந்து அதன் பாதியாகிய 180°.

இப்போது உங்கள் கணக்குக்குத் திரும்புங்கள். ச சிறிய வில்லின் மேல் இருப்பதால், அங்குள்ள கோணம் நோக்குவது பெரிய வில்லை; அது மையத்தில் தாங்கும் கோணம் 360° − 100° = 260°. அதன் பாதி 130°. அதுவே விடை. வட்ட நாற்கரத் தேற்றத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று தோன்றினால், பெரிய வில்லின் மேல் நீங்களே ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே 50°, ஆகவே அதற்கு எதிரே ச-வில் 130°. எந்தக் கணக்கிலும் ‘இந்தக் கோணம் எந்த வில்லை நோக்குகிறது, அதன் முனை எங்கே இருக்கிறது’ என்று முதலில் கேட்டுக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இவ்வகைத் தவறு பெரும்பாலும் நேராது.

தொடுகோட்டுக்கு மட்டும் ஒரு புதிய தொடக்கம் தேவை. மையத்திலிருந்து தொடுகோட்டின் மேலுள்ள புள்ளிகளுக்கான தொலைவுகளில் மிகக் குறைந்தது தொடுபுள்ளிக்கான தொலைவே, ஏனெனில் மற்றப் புள்ளிகள் எல்லாம் வட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. ஒரு கோட்டுக்கான மிகக் குறைந்த தொலைவு செங்குத்துத் தொலைவு. ஆகவே ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து. வெளிப்புள்ளியிலிருந்து வரையும் இரு தொடுகோடுகளும் சமநீளம் என்பது இதிலிருந்து இரு செங்கோண முக்கோணங்களின் சர்வசமத்தால் வந்துவிடும்.

உங்களைக் குழப்பும் மாற்று வட்டத்துண்டுத் தேற்றத்தை நான் இரண்டு வழிகளில் நினைவில் வைத்திருக்கிறேன். முதலாவது கணக்கு வழி. க-வில் தொடுகோடு வரைந்து, அதற்கும் கச என்ற நாணுக்கும் இடையிலான கோணம் 40° என்க. ஆரம் செங்குத்து என்பதால் கோணம் மகச 50°. முக்கோணம் மகச இருசமபக்க முக்கோணம் என்பதால் மையத்தில் 80°. ஆகவே நாணுக்கு அந்தப் பக்கமுள்ள வட்டத்துண்டில் 40°. தொடுகோட்டுக் கோணம் நாணுக்கு ஒரு பக்கம், அதற்குச் சமமான கோணம் மறுபக்கத்து வட்டத்துண்டில், அதனால்தான் ‘மாற்று’. இரண்டாவது வழி, முன்னே நகர்த்திய அதே ப-வை விடாமல் க-வின் மிக அருகே கொண்டுபோவது. கோணம் மாறவே இல்லை, ஆனால் கப என்ற நாண் சிறுத்துச் சிறுத்து, அதன் வழியே செல்லும் கோடு க-வில் தொடுகோடாகவே ஆகிவிடுகிறது. ஆகவே மாற்று வட்டத்துண்டுத் தேற்றம் என்பது, ஒரே வட்டத்துண்டுத் தேற்றத்தில் ப க-வோடு சேரும் கடைசி நிலை. இது முறையான நிரூபணம் ஆகாது, தேர்வில் இப்படி எழுதவும் கூடாது. ஆனால் இரண்டையும் ஒரே அசைவாகக் கண்ட பிறகு எது எது என்ற குழப்பத்துக்கு இடமிருக்காது.

இத்தேற்றம் நீங்கள் ஏற்கெனவே செய்துவரும் ஒன்றுக்குள் மறைந்திருக்கிறது. செய்முறை வடிவியலில் அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் நடுக்கோடும் தந்து முக்கோணம் வரையச் சொல்கிறார்கள் அல்லவா? அடிப்பக்கத்துக்குக் கீழே உச்சிக்கோணத்தின் அளவுக்கு ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு, அது அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோட்டைச் சந்திக்கும் இடத்தை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் என்று படிகளை வரிசையாக நெட்டுருச் செய்து வரைகிறோம். கீழே வரைந்த அந்தக் கோடு தொடுகோடு; செங்குத்து, ஆரம் செல்லும் வழி; அடிப்பக்கம் ஒரு நாண். அதனால்தான் மேலுள்ள வட்டத்துண்டில் எங்கு உச்சியை வைத்தாலும் கேட்ட கோணம் கிடைக்கிறது. இது தெரிந்தால் அந்தப் படிகளில் ஒன்றைக்கூட மறக்க முடியாது, தேற்றமும் மறக்காது.

கோணங்களை விட்டு நீளங்களுக்கு வந்தால், வட்டத்துக்குள் வெட்டிக்கொள்ளும் இரு நாண்களின் துண்டுகளின் பெருக்கற்பலன்கள் சமம் என்ற தேற்றம் இருக்கிறது. ஒரே வட்டத்துண்டுக் கோணங்களால் வடிவொத்த முக்கோணங்கள் கிடைக்கின்றன, வடிவொத்தவற்றின் பக்க விகிதத்தைக் குறுக்கே பெருக்கினால் தேற்றம், அவ்வளவுதான். இதன் ஒரு சிறப்பு நிலையை, விட்டமும் அதற்குச் செங்குத்தான நாணும் வெட்டும் நிலையை, ஆரியபட்டர் 499-இல் இயற்றிய ஆரியபடீயத்தில், கணிதத்துக்குரிய பகுதியாகிய கணிதபாதத்தில் கூறியிருக்கிறார்: அரைநாணின் வர்க்கம், விட்டத்தின் இரு துண்டுகளின் பெருக்கற்பலனுக்குச் சமம். 629-இல் அதற்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் தரும் எடுத்துக்காட்டு ஒன்றை உங்களுக்குச் சொல்ல மிகவும் விரும்புகிறேன். 12 முழ உயரச் சுவரின் மேல் ஒரு பருந்து அமர்ந்திருக்கிறது. சுவரின் அடியிலிருந்து 24 முழத் தொலைவில் இருக்கும் எலி, சுவரின் அடியிலுள்ள தன் வளைக்கு ஓடுகிறது. பருந்தும் அதே வேகத்தில் நேர்கோட்டில் பறந்து அதைப் பிடிக்கிறது. எங்கே பிடித்தது?

இருவரும் கடந்த தொலைவு சமம். ஆகவே பிடித்த இடம், பருந்து இருந்த இடத்தின் வழியாகவும் எலி புறப்பட்ட இடத்தின் வழியாகவும் செல்லும் ஒரு வட்டத்தின் மையம். தரை அதன் விட்டத்தின் வழியே செல்கிறது, சுவர் அரைநாண். 12 × 12 = 144; ஒரு துண்டு 24 என்றால் மற்றது 6; விட்டம் 30; ஆரம் 15. எலி 15 முழம் ஓடிய பிறகு, வளைக்கு 9 முழம் இருக்கும்போது பிடிபட்டது. 9, 12, 15 என்ற செங்கோண முக்கோணத்தைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம். படத்தில் வட்டமே இல்லாத ஒரு கணக்கில், சமதொலைவு என்ற செய்தியை வைத்து வட்டத்தைக் கண்டுகொள்வதே இதிலுள்ள கலை.

மனப்பாடத்தை நான் இகழவில்லை. கூற்றின் சொற்களைப் பாடநூலில் உள்ளபடியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நிபந்தனை அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. விடைத்தாளில் காரணம் எழுதவும் அவை வேண்டும். ஆனால் பயிற்சி செய்யும்போது கூற்றைத் திரும்ப எழுதிப் பார்ப்பதைவிட, நூலை மூடிவிட்டு வெற்றுத்தாளில் மையக்கோணத் தேற்றத்திலிருந்து தொடங்கி, எது எதிலிருந்து வருகிறது என்று படங்களோடு வரைந்துகொண்டு போவது மிகுந்த பயன் தரும். எங்கே கை நிற்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் நூலைத் திறந்து பாருங்கள். சில நாள் இடைவெளி விட்டு மறுபடியும் அதையே செய்யுங்கள். மறக்கத் தொடங்கும்போது முயன்று மீட்டெடுப்பது, மறக்காத நிலையில் பலமுறை படிப்பதைவிட உறுதியாகப் பதியும். ஒவ்வொரு முறையும் படத்தைத் திருப்பி, வேறு எழுத்துகள் இட்டு, வேறு அளவில் வரையுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு முயன்று பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். இரு வட்டங்கள் க, ச ஆகிய புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன. க வழியே செல்லும் ஒரு கோடு முதல் வட்டத்தை ட-விலும் இரண்டாம் வட்டத்தை த-விலும் சந்திக்கிறது. ச வழியே செல்லும் இன்னொரு கோடு அவ்வாறே முதல் வட்டத்தை ப-விலும் இரண்டாம் வட்டத்தை ர-விலும் சந்திக்கிறது. டப, தர ஆகிய நாண்கள் இணை என்று காட்ட வேண்டும். கச என்ற பொது நாணை வரைந்தால் இரண்டு வட்ட நாற்கரங்கள் தெரியும். அங்கிருந்து நீங்களே செல்லுங்கள். முடித்ததும், ட-வும் ப-வும் ஒரே புள்ளியாகிவிட்டால் எந்தக் கோடு தர-வுக்கு இணையாகும் என்பதையும் கண்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.