ஆர்க்காங்கெல்ஸ்க் வணிக முற்றம்: கேள்வி பதில்

ரஷ்யாவின் வடக்கே, வடக்கு துவினா ஆறு வெண்கடலைச் சேரும் இடத்துக்கு அருகில் உள்ள துறைமுக நகரம் ஆர்க்காங்கெல்ஸ்க். அங்கே 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘கோஸ்தினி த்வோர்’ என்ற கடைவளாகத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

ஐயா, ‘கோஸ்த்’ என்றால் விருந்தினர் என்று அகராதியில் பார்த்தேன். அப்படியானால் இது சத்திரமா, கடைத்தெருவா?

இன்றைய ரஷ்ய மொழியில் அச்சொல்லுக்கு விருந்தினர் என்பதே பொருள். பழைய வழக்கில் தொலைவிலிருந்து சரக்குடன் வரும் வணிகரையும் அது குறித்தது. ‘த்வோர்’ என்பது முற்றம். ஆகவே ‘வணிகர் முற்றம்’ என்று தமிழில் சொல்லலாம். மேலும், மாஸ்கோ அரசில் பெருவணிகர் சிலருக்கு மட்டும் மன்னர் வழங்கிய பட்டமும் ‘கோஸ்த்’ என்பதே; ஆர்க்காங்கெல்ஸ்க் சுங்கத்தை மேற்பார்வையிட அவர்களையே அனுப்பினார்கள். பீட்டர்ஸ்பர்க் நகரில் இதே பெயரில் உள்ள வளைவுத் தாழ்வாரக் கடைகளை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. சந்தை, சரக்கறை, சுங்கச்சாவடி, கோட்டை ஆகிய நான்கும் ஒரே மதிலுக்குள் அடங்கிய கட்டடம் இது. என் கருத்தில் சுங்கமே இதன் உயிர். கடைகள் அதற்குப் பின்னரே வருகின்றன.

ஆண்டில் பாதி நாள் பனியில் உறையும் கடலோரத்தில் வணிகம் எப்படி நடந்தது?

வேறு வழியில்லாததால் நடந்தது. 1617க்குப் பிறகு, ரஷ்யாவிடம் இருந்த பால்டிக் கரை முழுவதும் ஸ்வீடன் வசம் இருந்தது. கருங்கடல் துருக்கியர் வசம் இருந்தது. 1553இல் ரிச்சர்ட் சான்சலர் என்ற ஆங்கிலேயர் வடகடல் சுற்றித் துவினா முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்ததிலிருந்தே இந்த வழி திறந்துவிட்டது. 1584இல் நகரமும் எழுந்தது. குளிர்காலத்தில் மாஸ்கோவிலிருந்து வோலக்தா நகரம் வரை பனிச்சறுக்கு வண்டிகளில் சரக்கு போகும். வசந்தத்தில் ஆற்றுப்பனி உடைந்ததும் படகுகளில் ஏறி, சுகோனா, துவினா ஆறுகளின் வழியே இறங்கி வரும். ஆங்கிலேய, டச்சு, ஜெர்மானியக் கப்பல்கள் கோடையில் வந்து சேர, சில மாதங்களுக்குள் எல்லாம் விற்று முடிந்தாக வேண்டும்.

மரம் மலிந்த நாட்டில் கல்லால் கட்டியது ஏன்?

நெருப்புதான் காரணம். முன்பிருந்த மரக்கட்டடங்கள் 1667இல் எரிந்தன. அதே ஆண்டில் ‘புதிய வணிகச் சட்டம்’ வந்து, வெளிநாட்டார் சுங்கத்தை வெள்ளித் தாலர் நாணயங்களில் கட்ட வேண்டும் என்று விதித்தது. வெள்ளி வந்து குவியும் இடத்தை மறுபடியும் மரத்தில் கட்ட எந்த அரசுக்கும் மனம் வராது. மன்னர் அலெக்சேய் மிகைலோவிச்சின் ஆணைப்படி 1668இல் வேலை தொடங்கியது. பீட்டர் மார்செலிஸ், வில்லிம் ஷார்ஃப் என்ற வெளிநாட்டார் தொடங்கியதை, மாஸ்கோவிலிருந்து வந்த த்மித்ரி ஸ்தார்த்செவ் தொடர்ந்து நடத்தினார். 1684இல் வேலை நிறைவுற்றது. ஆற்றோரமாக ஏறத்தாழ 400 மீட்டர் நீண்ட அந்த வரிசையின் ஒரு முனையில் ரஷ்ய வணிகர் முற்றமும், மறுமுனையில் வெளிநாட்டார் முற்றமும், இரண்டுக்கும் நடுவே ‘கல்நகரம்’ என்ற கோட்டையும் இருந்தன.

என்ன விற்றார்கள்?

மென்மயிர்த் தோல், சணல், மெழுகு, கொழுப்பு, தார் ஆகியவை வெளியே போயின. கம்பளித்துணி, ஒயின், சர்க்கரை, காகிதம், வெள்ளி ஆகியவை உள்ளே வந்தன. வெளியே போனவற்றில் ‘யூஃப்த்’ என்ற பதனிட்ட தோலைத் தனியே குறிப்பிட வேண்டும். பிர்ச் மரப்பட்டையிலிருந்து வடித்த தார் எண்ணெயை ஊட்டுவதால் அது நீரை எளிதில் ஏற்காது, பூச்சியும் அரிக்காது; புகையும் காடும் கலந்தாற்போன்ற அதன் மணத்தை வைத்தே ஐரோப்பியர் அதை அடையாளம் கண்டார்கள். 1786இல் பிளிமத் துறையில் மூழ்கிய ஒரு கப்பலிலிருந்து 1973இல் எடுக்கப்பட்ட ரஷ்யத் தோல், கடற்சேற்றில் 187 ஆண்டுகள் கிடந்த பின்னும் பைகளும் காலணிகளும் தைக்கும் நிலையில் இருந்தது.

இவ்வளவு பெரிய வளாகம் ஏன் அழிந்தது?

நான் சொன்ன அந்தக் கப்பல் புறப்பட்ட துறைமுகம் பீட்டர்ஸ்பர்க் என்பதிலேயே விடை இருக்கிறது. 1693இல் ஆர்க்காங்கெல்ஸ்கில்தான் மன்னர் முதல் பீட்டர் வாழ்வில் முதன்முறையாகக் கடலைக் கண்டார். 1703இல் பால்டிக் கரையில் தம் புதிய நகரான பீட்டர்ஸ்பர்க்கை நிறுவிய அவரே, 1713 முதல் ஆணைகள் பிறப்பித்து வணிகத்தை அங்கே திருப்பினார். தாம் கடலைக் கண்ட துறையை அவரே வாட விட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 1762இல் பேரரசி இரண்டாம் கேத்தரின் தடைகளை நீக்கினார். ஆனால் போன வணிகம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பராமரிப்பின்றி நின்ற கட்டடத்தின் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

ரஷ்ய முற்றத்தின் ஆற்றுப்பக்கப் பகுதியும், அதை ஒட்டி 1788இல் எழுந்த வணிக மன்றக் கட்டடமும் நிற்கின்றன. 1837இல் தோன்றிய வட்டார அருங்காட்சியகம் இப்போது அங்கே இயங்குகிறது. உள்ளே போவதற்கு முன் கரையோர நடைபாதையில் நின்று வெள்ளை மதிலைப் பாருங்கள். அதன் நீளம் முடியும் இடத்தில் முற்றம் முடியவில்லை. இன்று வேறு கட்டடங்கள் நிற்கும் நிலத்தில்தான் கல்நகரமும் வெளிநாட்டார் முற்றமும் தொடர்ந்து சென்றன.