புயல் சின்னம் கடலில் இருக்கும்போதே நாகர்கோவிலில் இப்படிக் குளிர்வது ஏன்?

ஐப்பசியில் இது வடகிழக்குப் பருவமழைக் காலம். புயலின் நடுப்பகுதி தொலைவில் இருந்தாலும் அதன் மேகக்கூட்டம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடக்கும். அது வெயிலை மறைத்துவிடும். போதாக்குறைக்கு, விழும் மழைத்துளிகள் பாதியில் ஆவியாகிக் காற்றின் சூட்டையும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் மதியம் இரண்டு மணிக்கே போர்வை தேடுகிறோம். ராத்திரி வெப்பநிலை பெரிதாகக் குறையாது என்பதுதான் வேடிக்கை. மேகமே மூடி போட்ட மாதிரி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

சரி, மழை ஏன் இவ்வளவு? கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறும்போது கொட்டித் தீர்க்கிறது. கடற்கரையில் தூறல் போடும்போதே மலையடிவாரத்தில் பேச்சிப்பாறை அணைப் பக்கம் விடாமல் அடிக்கும். ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுவிடும், பால் பிடிக்கும் சிரட்டையில் மழைநீர்தான் இருக்கும். அணையைத் திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை, குழித்துறை ஆற்றில் செம்மண் நிறத்தில் வெள்ளம்.

"புயல் இங்கே கரையைக் கடக்காதாம்" என்று யாராவது சொன்னால் நிம்மதி அடைய வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலும் இங்கே கரையைக் கடக்கவில்லை, குமரிமுனைக்குத் தெற்கே கடல் வழியாகவே போனது. அப்படியிருந்தும் ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அப்புறம், வாழைக்கு முட்டுக் கொடுப்பதை இன்றைக்கே முடித்துவிடுங்கள்.