ஆரஞ்சுக் குழாயும் நீலக் குழாயும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் சான் ஹோசேயில் இருக்கிறோம். என் கணவர் ஆறு மாதமாக ஒரு வானியல் குழுவோடு ஃப்ரீமான்ட் பீக் மலைக்குப் போய்வருகிறார். போன வாரம் நானும் ஒன்பது வயது மகளும் கூடப் போனோம். செலஸ்ட்ரான் டெலஸ்கோப்பா மீட் டெலஸ்கோப்பா, ஜப்பான் லென்ஸா சீன லென்ஸா என்று இரண்டு மணி நேரம் வாக்குவாதம். மகள் சனிக்கோளைப் பார்க்காமலே காரில் தூங்கிவிட்டாள். இப்போது வீட்டுக்கு ஒரு டெலஸ்கோப் வாங்கப் போகிறோம். எந்த பிராண்ட் நல்லது?

எம்.

அன்புள்ள எம்.,

குழந்தை தூங்கிப்போனதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அதனால் உடனே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட சண்டைக்கு வயது நாற்பதுக்கு மேல். 1970இல் செலஸ்ட்ரான் ஆரஞ்சு நிறக் குழாயோடு சி8 என்ற டெலஸ்கோப்பைக் கொண்டுவந்தது. எட்டு அங்குல டெலஸ்கோப்பை (ஒளி புகும் வாயின் அகலம் அது) ஒரே ஆள் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகலாம் என்பது அன்று பெரிய விஷயம். 1972இல் மீட் தொடங்கியது; பிறகு அதன் நீலக் குழாய்கள் வந்தன. அன்றிலிருந்து இரண்டு கட்சி. நம் ஊர் டீக்கடையில் புல்லட்டா ஜாவாவா என்று மல்லுக்கட்டுவார்களே, அதே சூடு. 2005இல் செலஸ்ட்ரானைத் தைவானின் சிந்தா நிறுவனம் வாங்கியது. மீட் 2013இல் சீனக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போய், 2024இல் மூடியே விட்டது. தொண்டர்கள் மட்டும் கலையவில்லை. ஸ்கை-வாட்சர் என்ற டெலஸ்கோப் பிராண்டும் சிந்தாவுடையதுதான். செலஸ்ட்ரானுக்கும் ஸ்கை-வாட்சருக்குமாக இரண்டு பேர் முறைத்துக்கொண்டால், அது ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்காகப் போடும் சண்டை.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உப்பு விற்கப் போனால் மழை என்பது இவர்களுக்கு அப்படியே பொருந்தும்; புது டெலஸ்கோப் வீட்டுக்கு வந்தால் வாரம் முழுக்க மேகம். வானம் தெரியாத இரவில் கையில் இருக்கும் பொருளைப் பற்றித்தானே பேச முடியும்?

ஆனால் உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை அவர்கள் மறக்கக் கூடாது. ஜான் டாப்சன், ராமகிருஷ்ண மடத்தின் வேதாந்தத் துறவியாக இருந்தவர். கையில் காசு கிடையாது. பழைய கப்பல் ஜன்னலின் தடித்த கண்ணாடியைக் கையால் தேய்த்து, ஒளியைத் திருப்பிக் குவிக்கும் ஆடி செய்தார். அட்டைக் குழாய், பிளைவுட் பெட்டி, அவ்வளவுதான். 1967இல் மடத்தை விட்டு வெளியேறியபின் சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் அதை நிறுத்தி, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு நிலவைக் காட்டினார். அந்தப் பெட்டி அமைப்புக்குத்தான் இன்று டாப்சோனியன் என்று பெயர்.

உங்கள் கேள்விக்குப் பதிலும் அதுதான். எட்டு அங்குல டாப்சோனியன் வாங்குங்கள். நாலு அங்குல லென்ஸைவிட எட்டு அங்குல ஆடி நாலு மடங்கு ஒளி சேர்க்கும். ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் எம்13 என்ற நட்சத்திரக் கொத்து இருக்கிறது. நாலு அங்குலத்தில் அது பெரும்பாலும் புகைத் திட்டு. எட்டு அங்குலத்தில், இருட்டான இடத்தில், கறுப்புத் துணியில் ரவை சிந்தியதுபோல நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரிந்து தெரியும். பேர்பெற்ற நாலு அங்குல ஜப்பான் லென்ஸ் டெலஸ்கோப்பின் விலையோ இதைப்போலப் பல மடங்கு. படம் எடுப்பவர்களுக்கு அது தங்கம். பார்க்க மட்டும் ஆசைப்படும் குடும்பத்துக்கு வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். அட்டைப்பெட்டியில் ‘525 மடங்கு’ என்று போட்டு விற்கும் 60 மில்லிமீட்டர் பொம்மைகளைத் தொடாதீர்கள். லென்ஸ் அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு பெரிதாக்குவதே உச்சம். 120க்கு மேல் போனால் கலங்கல்தான். கால் ஆடும் ஸ்டாண்டில் கோளைப் பிடிக்க முடியாமல் வானத்தையே வெறுத்த குழந்தைகளை எனக்குத் தெரியும்.

2025 மார்ச்சில் சனியின் வளையங்கள் நம் பார்வைக்கு விளிம்பு காட்டி, கோடாக ஒடுங்கி நின்றன. இனி சில காலம் ஆண்டுக்கு ஆண்டு விரிந்து தெரியும். உங்கள் மகள் வளர வளர அவையும் அகலமாகும். சனி மேலே ஏறியதும், வாக்குவாதம் ஆரம்பிக்கும் முன், டெலஸ்கோப் முன்னால் முதல் ஆளாக அவளை நிற்க வையுங்கள். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் எட்டாவிட்டால் ஏறி நிற்க ஒரு முக்காலி போடுங்கள்.